அடுத்த கட்டிலில் வள்ளி

ரூபிக்குத் தொண்டை வலி தொடங்கியது ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "முழுங்கினா வலிக்குதும்மா" என்றாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். கழுத்தில் கம்பளித் துணி சுற்றினேன். தெல்தோட்டைப் பக்கம் மழைக்காலத்தில் எந்தப் பிள்ளைக்கும் தொண்டை வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கட்டடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைத் திருப்பிப் போட்டு ஆராதனை நடத்துவதும் அவர்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. ரூபிக்கு அப்போது ஏழு வயது. அவளுக்குப் பின் ஒரு பிள்ளை தங்காமல் போய், வெகு நாள் கழித்துச் சாமுவேல் பிறந்திருந்தான். அவனுக்குப் பத்து மாதம், என் பால்தான் குடித்தான். என் கணவரின் அக்கா சலோமி மதினியும் எங்களோடு இருந்தார். மதினி ஜெபத்தில் கண்டிப்பானவர். நான் அடுப்படியில் நின்றபடி வாய்க்குள் ஜெபம் சொல்வதை அவர் ஜெபமாகவே கணக்கில் எடுக்கமாட்டார். அதனால் எங்களுக்குள் அவ்வளவு ஒட்டுதல் இல்லை.

அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. கண்டியிலிருந்து பாதிரியாரும் விருந்தாளிகளும் வருவதாக இருந்தது. ரூபி எல்லார் முன்னாலும் நின்று ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக அவளைப் பழக்கியிருந்தேன். வெள்ளைச் சீட்டியில் கவுன் தைத்து அலுமாரியில் மடித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை என் கணவர், மருந்துக்கார ஐயாவிடம் பிள்ளையை ஒரு தரம் காட்டிவிடலாம் என்றார். தோட்டத்து மருந்துச் சாலையை நடத்துகிறவரைத்தான் அப்படிச் சொல்வோம். காட்டினால் அவர் படுக்கச் சொல்லிவிடுவார், ஒரு மாத உழைப்பு வீணாகும் என்று எனக்குப் பயம். "ஞாயிறு முடியட்டுங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு அவள் நின்று சொன்னாள். குரல் கம்மியிருந்தது. உணர்ச்சியோடு சொல்கிறாள் என்று விருந்தாளி அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆராதனை முடிந்து பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை கொடுத்தோம். ரூபி தன் உருண்டையைக் கடித்துப் பார்த்து, விழுங்க முடியாமல், மீதியை வள்ளியிடம் கொடுத்தாள். வள்ளி, கொழுந்து பறிக்கிற மாரியாயியின் மகள். ரூபியின் வாங்கிலேயே உட்காருகிறவள். அவர்கள் கோயில் கும்பிடுகிறவர்கள், ஆனால் பண்டிகை என்றால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எல்லாருமே வந்துவிடுவார்கள். வள்ளி அந்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கள் காலையில் ரூபியின் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடை எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. மூச்சு இழுக்கும்போது மரம் அறுப்பது போல ஒரு சத்தம். தூக்கிக்கொண்டு மருந்துச் சாலைக்கு ஓடினோம். மருந்துக்கார ஐயா கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே சாம்பல் நிறத்தில், நனைந்த தோல் ஒட்டியது போல ஒரு படலம். "தொண்டை அடைப்பான். இங்க ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவே கண்டிக்குக் கொண்டு போங்க" என்றார். எப்படிப் போவது என்று என் கணவர் கேட்டார். தோட்டத்துத் துரையின் கார் கொழும்புக்குப் போயிருந்தது.

மருந்துச் சாலை வாசலில் மடவளையிலிருந்து துணி கொண்டுவந்து விற்கிற சாலிஹ் நானா தன் பழைய காரை நிறுத்தியிருந்தார். விஷயம் கேட்டதும் துணி மூட்டைகளை இறக்கி விறாந்தையில் அடுக்க ஆரம்பித்தார். இது பரவுகிற நோய், நானா வீட்டிலும் பிள்ளைகள் உண்டே என்று மருந்துக்கார ஐயா எச்சரித்தார்.

"புள்ளைகள் ஈக்கிது சேர்" என்றார் நானா. "அதுக்காக இந்தப் புள்ளய உட்டுட்டுப் போக ஏலுமா? ஏறுங்க தங்கச்சி."

சாமுவேல் மதினியின் இடுப்பில் இருந்தான். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். அவனை வாங்கி ஒரு தரம் பால் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

கலஹா தாண்டி, பேராதனைப் பாலம் தாண்டி, கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் ரூபியின் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தோன்றியது. ஜெபிக்க முயன்றேன். வாயில் வந்ததெல்லாம் நான் அவளுக்குப் பழக்கிய சங்கீதத்தின் வரிகள். அவற்றைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பரவுகிற நோய்க்காரர்களுக்கான வார்டு மற்றக் கட்டடங்களிலிருந்து விலகி, கம்பி வேலிக்குள் தனியாக இருந்தது. வாசலில் ஒரு மிஸ்ஸி வந்தார். இங்கே நர்ஸ்மாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். ரூபியை வாங்கிக்கொண்டே என்னிடம் வீட்டு விவரம் கேட்டார். கைப்பிள்ளை இருக்கிறது என்றதும் நின்றார்.

"அம்மா, உள்ளுக்க வந்தா உங்கட தொண்டையையும் சோதிச்சு, கிருமி இல்லை எண்டு தெரியுமட்டும் வெளியில விடமாட்டினம். பிள்ளை சுகமாகக் கிழமைக்கணக்கா ஆகும். வீட்டில பால் குடிக்கிற பிள்ளை. யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆனா கெதியாச் சொல்லுங்கோ."

தான் இருக்கிறேன் என்று என் கணவர் சொன்னார். அந்த வார்டில் ஆண்கள் தங்க அனுமதி இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். ரூபி அந்தச் சத்தத்தோடு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனேன். கதவைச் சாத்திய பிறகுதான், அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இந்த நோயைப் பற்றி அங்கே கற்றுக்கொண்டதை மற்றத் தாய்மாருக்காகச் சொல்கிறேன். தொண்டையில் ஒரு கிருமி தங்கிப் படலமாக வளர்கிறது. அது ஒரு ஆபத்து, மூச்சை அடைத்துவிடும். கிருமி ஒரு நஞ்சையும் இரத்தத்தில் விடுகிறது. அது இரண்டாவது ஆபத்து. அந்த நஞ்சு நெஞ்சையும் நரம்பையும் மெதுவாகத் தாக்கும், தொண்டை ஆறிய பிறகும் தாக்கும். நஞ்சை முறிக்க ஒரு ஊசி மருந்து உண்டு. குதிரையின் இரத்தத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. ரூபிக்கு அதைப் போட்டது ஐந்தாவது நாள். வெள்ளிக்கிழமையே போட்டிருந்தால் என்று நான் கேட்டபோது மிஸ்ஸி வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

ஊசி வேலை செய்ய நேரம் எடுக்கும். பிற்பகலில் ரூபியின் உதடு நீலமானது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து போனது. டாக்டர் சிங்களவர், இளைஞர். அவர் சொன்னதை மிஸ்ஸி எனக்குத் தமிழில் சொன்னார். கழுத்துக்குக் கீழே மூச்சுக்குழாயில் சிறு துளை போட்டு, அதில் வெள்ளிக் குழாய் ஒன்றை வைப்பார்கள். படலம் இருக்கிற இடத்தைத் தாண்டி, காற்று நேராக உள்ளே போகும். ஒரு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். என் பெயரை எழுதும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டேன்.

வெளியே விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் என்று ஒன்றும் செய்யவில்லை. "எடுத்துக்காதே, எடுத்துக்காதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மரம் அறுக்கும் சத்தம் நின்றிருந்தது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கிட்டப் போனபோது குழாயிலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. உதடு சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகம் கோணி, வாய் திறந்து, கண்ணீர் வழிய அழுதாள். ஒரு சத்தமும் வரவில்லை. காற்று குழாய் வழியாகப் போவதால் குரல் எழாது என்று மிஸ்ஸி விளக்கினார். ஆனாலும், சத்தமில்லாமல் தன் பிள்ளை அழுவதைப் பார்க்கிற தாய்க்கு எந்த விளக்கமும் போதாது.

அந்தக் குழாய்க்குள் இன்னொரு குழாய் உண்டு. சளியும் படலத் துண்டும் வந்து அதை அடைக்கும். அதை எடுத்துக் கழுவித் திரும்ப வைக்க வேண்டும், தாமதித்தால் மூச்சு நின்றுவிடும். மிஸ்ஸி எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். கட்டிலைச் சுற்றித் துணி கட்டி, கேத்தலின் ஆவியை உள்ளே விட்டிருந்தார்கள். அந்த ஈரத்தில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். சீறல் கொஞ்சம் மாறினாலும் எழுந்துவிடுவேன். என் உடம்பு வீட்டுப் பிள்ளையை மறக்கவில்லை. எங்கேயாவது ஒரு குழந்தை அழுதால் போதும், சட்டை நனைந்துவிடும். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் என் கணவர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். பேச்சைக் கத்தித்தான் பேச வேண்டும். சாமுவேல் இரண்டு நாள் ஆட்டுப்பாலைத் துப்பினானாம். பிறகு மதினி என் பழைய சேலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வாசனையில் அவனைச் சாய்த்துப் பாலாடையால் புகட்டினாராம். இப்போது குடிக்கிறானாம். அவன் தொண்டையைச் சோதித்ததில் கிருமி இல்லை என்றும் வந்துவிட்டதாம். இதையெல்லாம் அவர் வகுப்பில் பாடம் சொல்வது போல நிதானமாகக் கத்திச் சொன்னார். திரும்பிப் போகும்போது அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சாலிஹ் நானாவும் வந்து, வெள்ளிக்கிழமைகளில் பாணும் கற்கண்டும் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்று கேட்டு ஆறுதலடைந்தேன்.

ஐந்தாம் நாள், தோட்டத்து லொறியில் வள்ளியைக் கொண்டுவந்தார்கள்.

ரூபிக்குப் பக்கத்துக் கட்டில்தான் காலியாக இருந்தது. மாரியாயி பிள்ளையைக் கிடத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வள்ளியின் அப்பன் போன வருஷம் இந்தியாவுக்குப் போனவன், திரும்பவில்லை. சின்னவன் ஒருவனை அடுத்த லயக் காம்பராவில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"வாத்தியாரம்மா, நீங்க இங்க இருக்கீங்கன்னு சொன்ன பெறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றாள்.

நான் குழாயைக் கழுவப் போவது போல எழுந்து போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டியருகே நின்று கணக்குப் பார்த்தேன். இந்தக் கிருமி வாயிலிருந்து வாய்க்குப் போய், இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் நோயைக் காட்டும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். ஞாயிறு எள்ளுருண்டை. வியாழன் வள்ளிக்குத் தொண்டை வலி. இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வள்ளிக்கு ஊசியைச் சீக்கிரமே போட்டுவிட்டார்கள், குழாய் தேவைப்படவில்லை. ஆனால் மாரியாயிக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்த நேர்த்திக்கடனை அவள் இரண்டு வருஷமாகச் செலுத்தவில்லை. அந்தக் கோபம்தான் பிள்ளையின் தொண்டையைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, பிள்ளை எழும்பும் வரைக்கும் சோறு தொடமாட்டேன் என்று விரதம் பிடித்தாள். காலையில் வெறும் தேத்தண்ணி, சாயங்காலம் ஒரு துண்டு பாண். ஒரு வாத்தியார் மனைவி அவளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். அவள் அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஏழாம் நாள் ரூபியின் குழாயை எடுத்தார்கள். துளையைப் பஞ்சால் மூடியபோது அவள், "தண்ணி" என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். நான் அழுதுவிட்டேன். ஆனால் அன்றே டாக்டர் இரண்டு கட்டில்களிலிருந்தும் தலையணையை உருவிவிட்டார். இனித்தான் நெஞ்சுக்கு ஆபத்தான நாட்கள். நஞ்சு பட்ட இதயம் களைத்திருக்கும். பிள்ளை நன்றாகிவிட்டது போலச் சிரிக்கும், எழுந்து உட்காரும், அந்த ஒரு அசைவில் இதயம் நின்றுவிடலாம். நேராகப் படுத்தே இருக்க வேண்டும், சாப்பிடுவதும் படுத்தபடியேதான். "எழும்ப எபா" என்று, எழும்பக் கூடாது என்பதைச் சிங்களமும் தமிழும் கலந்து பிள்ளைகளிடம் விரலை ஆட்டிச் சொன்னார். வாந்தி வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார். முகம் வெளுத்து வாந்தி எடுத்தால் அது கெட்ட அறிகுறி என்றார்.

முந்திய பயமாவது காதுக்குக் கேட்டது. இந்தப் பயத்துக்குச் சத்தம் இல்லை. ரூபி சிரிக்கும் ஒவ்வொரு தரமும் எழுந்துவிடுவாளோ என்று அவள் தோளில் கையை வைத்துக்கொள்வேன். ஏழு வயதுப் பிள்ளையை நாள் முழுக்க மல்லாக்கப் படுக்க வைத்திருப்பது லேசான காரியமா? கதை சொன்னேன், விரலால் நிழல் காட்டினேன். இடையிடையே கண்ணை மூடி, என் பிள்ளையைக் காப்பாற்றும் என்று கேட்பேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் கண்ணைத் திறந்தேன். எதிரே மாரியாயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். பிறகு தரையில் சரிந்து உட்கார்ந்தாள். பசி மயக்கம். அவள் உதடு வெடித்திருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"மாரியாயி, எழுந்து சோறு சாப்பிடு. இது அம்மன் கோவம் இல்ல."

"நீங்க வேதக்காரங்க. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரூபிக்கு வியாழக்கிழமையே தொண்டை வலி வந்திருச்சு. எங்க வீட்டுக்காரரு மருந்துக்காரர்கிட்ட காட்டலாம்னாரு. நான்தான் தடுத்தேன், பண்டிகையில அவ நின்னு சொல்லணும்னு. அவ கடிச்ச உருண்டையத்தான் வள்ளி தின்னா. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். இது எங்க வீட்டுல இருந்து வந்தது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பவே தெரியுமா?"

"நோவு இருக்குன்னு தெரியும். இந்த நோவுன்னு தெரியாது."

"நான் அம்மனப் பத்திச் சொன்னப்போ?"

"அப்போ தெரியும்."

அவள் எழுந்தாள். தன் முக்காலியை எடுத்து, வள்ளியின் கட்டிலுக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் சோறு வந்தபோது வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு லேசாகவில்லை. வள்ளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

பதின்மூன்றாம் நாள் காலையில் எனக்குக் குளிர் நடுக்கியது. பால் கட்டிய மார்பு கல்லாகிப் பழுத்திருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கும் தொண்டை நோய் வந்துவிட்டதோ என்று டாக்டர் முதலில் தொண்டையைத்தான் பார்த்தார். பிறகு மார்பைக் கீறிச் சீழை எடுத்துவிட்டு, வார்டு மூலையில் ஒரு கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டார். எழுந்தால் தலை சுற்றியது. ரூபியின் கட்டில் பத்தடி தூரத்தில் இருந்தது.

அந்த முற்பகலில்தான் ரூபி வாந்தி எடுத்தாள்.

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை மூலையிலிருந்தே பார்த்தேன். டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். யாராவது விடாமல் பக்கத்தில் இருந்து, பிள்ளை புரளாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். மிஸ்ஸிக்கு வாசலில் மூச்சு அடைத்த இன்னொரு பிள்ளை வந்து காத்திருந்தது. நான் எழுந்தேன், இரண்டு எட்டு வைத்தேன், விழுந்தேன்.

என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டது யார் என்று தெரியாது. கண் தெளிந்து பார்த்தபோது மாரியாயி முக்காலியை இரண்டு கட்டில்களுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வள்ளியின் நெஞ்சில், மற்றக் கை ரூபியின் நெஞ்சில். கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும், திரும்பவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். அவள் தன் அம்மனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். வள்ளியின் பெயரைச் சொல்லி முடித்து, ரூபியின் பெயரைச் சொன்னாள். மறுபடி வள்ளி, மறுபடி ரூபி.

என் பிள்ளைக்காக அப்படி ஒரு வேண்டுதல் நடப்பதை வாத்தியார் மனைவியான நான் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் அதற்குப் பதில் எழுத வரவில்லை. என் ஜெபம் எதிலும் அதுநாள் வரை வள்ளியின் பெயர் இருந்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது. அத்தனை நாளும் பக்கத்துக் கட்டிலைத் தாண்டிக்கொண்டு ஆண்டவரிடம் போயிருக்கிறேன். காய்ச்சலில் படுத்தபடி, முதல் தடவையாக இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்டேன். கேட்டது தரப்படும் என்ற நிச்சயம் அப்போதும் எனக்கு இல்லை. ஆனால் தனியாக நின்று கெஞ்சுவது போல இருந்த உணர்வு அன்று போனது. அதற்குப் பிறகு அது திரும்பி வரவில்லை.

மாரியாயி அன்று மாலை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ரூபியின் நாடி மெல்ல மெல்லச் சீரானது. இரண்டு நாள் கழித்து நான் நடக்க முடிந்தபோது அவள் தன் முக்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டாள். "கஞ்சி ரெண்டு கரண்டி குடிச்சிச்சு" என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் வாரம் ரூபியின் பேச்சு மூக்கால் வந்தது. குடித்த பால் மூக்கு வழியே வெளியேறியது. நஞ்சு அண்ணத்து நரம்பைத் தொட்டிருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகும் வரைக்கும் ஒவ்வொரு கரண்டியும் புரையேறுமோ என்ற பயம்தான். வள்ளி அந்த நேரம் படுத்தபடியே பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தாள். ரூபி அவளைப் பார்த்துத் தானும் மூக்கால் பாடுவாள். அதைக் கேட்டு மாரியாயியும் நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். பிறகு இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு விடுவதற்கு முன்னால் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று தரம் சுத்தமாக வர வேண்டும். ரூபிக்கு வந்துவிட்டது. எனக்கும் மாரியாயிக்கும் கூட வந்துவிட்டது. வள்ளிக்கு மூன்றாவது தரம் கிருமி இருந்தது. உடம்பில் நோய் இல்லை, தொண்டையில் மட்டும் கிருமி தங்கியிருக்கிறது. இன்னும் சில நாள் இருந்தாக வேண்டும்.

அதே நேரம் தோட்டத்திலிருந்து மாரியாயிக்கு ஆள் வந்தது. தேயிலை விலை விழுந்து ஆள் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவதாகக் கங்காணி சொல்லி அனுப்பியிருந்தார். பெயர் வெட்டினால் லயக் காம்பராவும் போய்விடும். ஏழு வயதுகூட ஆகாத பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் வள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ரூபியை அழைத்துப்போக என் கணவர் மறுநாள் வந்தார். எனக்கு வீட்டுக்குப் போக எவ்வளவு ஆசை என்று சொல்லத் தேவையில்லை. சாமுவேல் சுவரைப் பிடித்து நடக்கிறான் என்று முந்திய வாரம்தான் கேட்டிருந்தேன். நான் வள்ளியோடு இருக்கப்போவதாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"சின்னவன் என்ன பாவம் செஞ்சான்?" என்றார்.

 நடந்ததையெல்லாம் அவருக்கு அங்கேயே சொன்னேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, வெள்ளிக்கிழமை தானும் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ரூபியைத் தூக்கிக்கொண்டு போனார். மாரியாயியும் வள்ளியை என்னிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினாள். மூன்றாம் நாள் மதினியிடமிருந்து துண்டுக் காகிதம் வந்தது. சாமுவேல் நன்றாக இருக்கிறான், நீ இருந்து பார்த்துவிட்டு வா, நான் உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதியிருந்தது. மதினி எனக்கு எழுதிய முதல் காகிதம் அதுதான்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தேன். ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்கும் காத்திருப்பது, ரூபிக்குக் காத்திருந்ததைப் போலவேதான் இருந்தது. கடைசியில் மூன்றும் சுத்தமாக வந்தன. மிஸ்ஸி வாசல் வரை வந்து, "போயிட்டு வாங்கோ எண்டு சொல்லமாட்டன். போங்கோ" என்றார். சாலிஹ் நானா எங்களைத் தேயிலை ஸ்டோர் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

கொழுந்து நிறுக்கிற மத்தியான நேரம். மாரியாயி கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள். வள்ளியின் வாயைத் திறக்க வைத்துத் தொண்டையைப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு என்னிடம், "வீட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றாள். எட்டு வருஷமாக அந்த லயத்து வாசலில் நின்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. யாரும் தடுத்து அல்ல. போகத் தோன்றியதில்லை. அன்று போய்ச் சாக்கில் உட்கார்ந்தேன். சாயத் தேத்தண்ணியும் ஒரு துண்டு சக்கரையும் கொடுத்தாள். அவளுடைய சின்னவன் அவள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தான்.

மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் எழுந்தபோது வாசல் வரைக்கும் வந்தாள்.

"ஒங்க புள்ளைக்கு ஒங்கள அடையாளம் தெரியாதும்மா" என்றாள். "நான் வந்தப்போ இவனும் என்னயப் பாத்து வீறிட்டு அழுதான். அழட்டும். பயந்துக்கிட்டு கீழ மட்டும் எறக்கி விட்டுறாதீங்க."

மேட்டில் ஏறிப் போனேன். மதினி வாசலில் சாமுவேலை வைத்துக்கொண்டு நின்றார். ரூபி, "அம்மா" என்று மூக்கால் கத்தினாள். ஓடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நின்ற இடத்திலேயே குதித்தாள். நான் கையை நீட்டினேன். சாமுவேல் மதினியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வாங்கித் தூக்கினேன். அவன் வீறிட்டான், முதுகை வில்லாக வளைத்தான், என் முகத்தைத் தள்ளினான், மதினியை நோக்கிக் கையை நீட்டி நீட்டி அழுதான். மதினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல் நின்றார். நான் அவனைக் கீழே விடவில்லை.